பதினொருவர் கூட்டிய அவை

ஆண்டுக்கொரு முறை கூடுவது நம் நாட்டார்க்குப் புதிய செய்தியன்று. தேர் வரும், திருவிழா வரும். சென்ற ஆண்டு எந்தத் தெருமுனையில் தேர் நின்றதோ, எவர் கழுத்தில் முதல் மாலை விழுந்ததோ, அந்த முறை அணுவளவும் பிறழாது இந்த ஆண்டும் நடந்தேறினால்தான் விழா சிறப்புற்றது என்பர். பிறழ்ந்தால் சண்டை, சில ஊர்களில் வழக்குமன்றம் வரையில்! ஆனால், சென்ற ஆண்டு சொன்னதையே இந்த ஆண்டும் சொல்ல எழுபவரை, "புதிதாக என்ன கண்டீர்?" என்று கேட்டு நாணச் செய்யும் ஆண்டு விழா ஒன்றும் உலகில் நடக்கிறது. நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது. அதன் வரலாற்றையே இங்கு நாம் சொல்லப் புகுகிறோம்.

அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கம் என்பது அவ்விழாவை நடத்தும் அமைப்பின் பெயர். 1907ஆம் ஆண்டு மே திங்கள் 7ஆம் நாள், வாசிங்டன் நகரில் பதினொருவர் கூடி அதனைத் தோற்றுவித்தனர். அறுவை மருத்துவர் நால்வர். நோய்க்குறியியல் அறிஞர் ஐவர். உயிர்வேதியியல் அறிஞர் இருவர். பதினொருவரும் ஆடவர், பதினொருவரும் வெள்ளையர். பின்னால் வரும் செய்திக்கு இது வேண்டும் என்பதால் இப்போதே குறித்து வைக்கிறோம்.

அந்த ஆண்டில் புற்றுநோயைப் பற்றி மனிதன் அறிந்திருந்தது என்ன? கட்டியை வெட்டி எடுக்கத் தெரியும். எக்சு கதிர் கண்டுபிடிக்கப்பட்டு 12 ஆண்டு, ரேடியம் கண்டுபிடிக்கப்பட்டு 9 ஆண்டு. இரண்டையும் கொண்டு கட்டியைச் சுட்டுப் பார்க்கலாம் என்ற முயற்சி தவழ்ந்துகொண்டிருந்தது. மருந்து என்று சொல்ல ஒன்றும் இல்லை. உயிரணுவின் மரபுப் பொருளான டி.என்.ஏ.வின் வடிவம் தெரிய மனித இனம் இன்னும் 46 ஆண்டு காத்திருக்க வேண்டும். நோயின் பெயரைச் சொல்லவே நாகரிக உலகம் கூசியது. வீட்டில் ஒருவருக்கு அந்த நோய் என்றால் ஊரார் அறியாதபடி மறைத்தனர். ஏடுகள் அச்சொல்லை அச்சிடத் தயங்கின. முன்வினை என்றும் தலையெழுத்து என்றும் நம் நாட்டில் மட்டுமே சொன்னார்கள் என்று எண்ண வேண்டா. பெயர் வேறாயினும் மடமை எல்லா நாட்டிலும் ஒன்றே. அந்தக் காலத்தில், அந்த நோயின் பெயரையே தங்கள் சங்கத்தின் பெயராகச் சூட்டிக்கொண்டு, "இதை ஆராய்வோம், அறிந்ததைப் பரப்புவோம்" என்று பதினொருவர் முன்வந்தனர் என்றால், அதுவே ஒரு துணிவுதான்.

அப்பதினொருவருள் இருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியே தீர வேண்டும். ஒருவர் வில்லியம் கோலி. மற்றவர் ஜேம்ஸ் யூயிங். இருவரும் நியூயார்க் நகரத்து மருத்துவர்கள். இருவரும் ஒரே மருத்துவமனையில் பணியாற்றியவர்கள். இருவரும் இச்சங்கத்தின் மூலவர்கள். கருத்திலோ, கீரியும் பாம்பும்!

கோலி இளம் அறுவை மருத்துவராக இருந்தபோது, கையில் எலும்புப் புற்று கண்ட 17 வயதுப் பெண்ணொருத்தி அவரிடம் வந்தாள். கையை வெட்டி எடுத்தார். பயனில்லை. 1891 சனவரியில் அவள் மாண்டாள். கோலி உறக்கம் இழந்தார். மருத்துவமனையின் பழைய ஏடுகளை எல்லாம் புரட்டினார். கழுத்தில் பெருங்கட்டி கொண்டிருந்த ஏழை செருமானியக் குடியேறி ஒருவனைப் பற்றிய குறிப்பு கிடைத்தது. அறுக்க அறுக்க வளர்ந்த கட்டி, கைவிடப்பட்ட நோயாளி. அவனை அக்கி போன்ற தோல் தொற்றொன்று பற்றியது, காய்ச்சல் கொதித்தது, காய்ச்சல் தணிந்தபோது கட்டியைக் காணோம்! ஏட்டில் அவ்வளவே இருந்தது. கோலி அதோடு நிற்கவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் வெளியேறிய அந்த மனிதனைத் தேடி நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் தெருத்தெருவாக அலைந்தார். கண்டார்! அவன் நலமாகவே இருந்தான்.

உடலுக்குள்ளேயே ஒரு காவற்படை இருக்கிறது, அதைத் தட்டி எழுப்பினால் அது கட்டியைத் தாக்கும் என்ற எண்ணம் கோலிக்கு அன்று பிறந்தது. நோய்க்கிருமிகளைக் கொண்டு ஊசி மருந்து செய்தார். சிலர் பிழைத்தனர், பலர் பிழைக்கவில்லை, சிலர் அந்தக் காய்ச்சலாலேயே இறந்தனர். ஏன் சிலருக்குப் பலித்தது, ஏன் பலருக்குப் பலிக்கவில்லை என்று கோலியால் விளக்க இயலவில்லை. யூயிங் அதைத்தான் கேட்டார். விளக்க முடியாததை மருத்துவம் என்று ஏற்பது எப்படி என்றார். ரேடியக் கதிரே வழி என்று அவர் நம்பினார். யூயிங்கின் கையே ஓங்கியது. 1936இல் கோலி மறைந்தபோது அவருடைய முறையும் ஏறத்தாழ அவரோடு மறைந்தது. அவர் மகள் ஹெலன், மருத்துவப் பட்டம் இல்லாதவர், தந்தை விட்டுச் சென்ற ஆயிரக்கணக்கான குறிப்புகளை ஒழுங்குபடுத்தி 1953இல் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். உடலின் காவற்படையைத் தடுத்து நிறுத்தும் கடிவாளத்தை அவிழ்த்துவிட்டால் அது புற்றைத் தாக்கும் என்று மெய்ப்பித்த ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஓஞ்சோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது 2018இல்.

அப்படியானால் யூயிங் செய்தது தவறா? இல்லை என்பதே நம் கருத்து. சான்று கேட்டவன் குற்றவாளி ஆகான். சான்று கேட்காத நாட்டில்தான் சாம்பலும் மருந்தாகும், சாமியாரும் மருத்துவராவார். ஆயினும், கேள்வி கேட்பது வேறு, வாயை அடைப்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே ஓடும் கோடு மெல்லியது. அந்தக் கோட்டை இச்சங்கமே சில முறை தாண்டியிருக்கிறது.

1956ஆம் ஆண்டில் அது நடந்தது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் சார்லட் பிரண்ட் என்னும் பெண்மணி கட்டுரை படிக்க எழுந்தார். வயது 35. உருசியாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பெண். தந்தையை இளமையிலேயே இழந்தவர். மாலைக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர். போர்க்காலத்தில் கடற்படையில் பணியாற்றியவர். எலிகளுக்கு இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு வைரசைத் தாம் கண்டதாக அவர் சொன்னார். அவை சீறியது. வளர்ந்த எலிக்கு வைரசால் புற்றா? இது என்ன விந்தை என்று எள்ளி நகையாடினர். கேள்விகள் கேள்விகளாக வரவில்லை, கற்களாக வந்தன.

இத்தனைக்கும் அதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே, 1911இல், பெய்டன் ரௌசு என்ற ஆய்வாளர் கோழியின் புற்று வைரசால் பரவுகிறது என்று மெய்ப்பித்திருந்தார். அவரையும் உலகம் நம்பவில்லை. கோழிக்குத்தானே, விடு என்றனர். அந்தக் கண்டுபிடிப்புக்காக அவருக்கு நோபல் பரிசு கொடுக்கப்பட்ட ஆண்டு 1966. அப்போது அவருக்கு வயது 87!

சார்லட் பிரண்ட் அழுதுகொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. 1957இல் தம் ஆய்வை முழுமையாக வெளியிட்டார். மற்ற ஆய்வுக்கூடங்களில் செய்து பார்த்தனர்; அவர் சொன்னபடியே நடந்தது. ஒருவர் கண்டதை மற்றொருவர் வேறோர் இடத்தில் செய்து காணலாம் என்பதில்தான் அறிவியலின் நீதி அடங்கியிருக்கிறது. அங்கே சாட்சிக்கு எலி போதும். எலிக்குச் சாதியில்லை, பால் வேற்றுமை பார்க்கத் தெரியாது. எந்த அவை அவரை எள்ளியதோ அந்த அவையின் தலைவராகவே 1975இல் அவர் அமர்ந்தார். 1998 முதல் அவர் பெயரால் ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவையும் சங்கம் நடத்தி வருகிறது.

தலைமை நாற்காலியைப் பற்றி ஒரு சொல். இச்சங்கத்தில் தலைவர் பதவி ஓராண்டுக்கே. உறுப்பினர் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர். ஆண்டு முடிந்தால் இறங்கிவிட வேண்டும். தந்தைக்குப் பின் தனயன் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படி ஆண்டுக்கொருவர் மாறியும், அந்த நாற்காலியில் முதன்முதலாக ஒரு பெண் அமர 1961 வரை ஆயிற்று. தெல்மா டன் என்பவர் அவர். 54 ஆண்டுகள் நாற்காலி ஆடவர்க்கே உரியதாக இருந்தது! மூன்றாவதாக அமர்ந்த பெண்மணி, 1983இல் தலைமையேற்ற கெர்ட்ரூடு எலியன். பெண் என்ற காரணத்தால் ஆய்வுக்கூடங்கள் வேலை தர மறுக்க, ஆசிரியராகவும் கடைப் பொருள்களைச் சோதிப்பவராகவும் காலம் தள்ளி, முனைவர் பட்டம் பெறாமலேயே இரத்தப் புற்றுக்கு மருந்து கண்டவர். 1988இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

இனி, நம் மண்ணோடு தொடர்புடைய ஒரு செய்திக்கு வருவோம்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் ஓர் ஆந்திர இளைஞர் பயின்றார். யெல்லப்பிரகட சுப்பாராவ் என்பது பெயர். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். உடன்பிறந்தார் இருவரை நோய்க்குப் பறிகொடுத்தவர். கதராடை அணிந்து அறுவைக் கூடத்துக்குச் சென்றதால் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல், அதற்கு ஒருபடி தாழ்ந்த பட்டத்தோடு வெளியேற நேர்ந்தது. 1923இல் அமெரிக்கா சென்றார். பகலில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் படிப்பு. இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவும் வேலை. உடலின் ஆற்றல் எந்தப் பொருளில் சேமித்து வைக்கப்படுகிறது என்ற பெரும்புதிரை அவிழ்த்தவர்களுள் அவரும் ஒருவர். ஆயினும் ஆர்வர்டில் அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லே என்னும் மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார்.

ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமின் இரத்தம் ஊற உதவுவது. இரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தால் என்ன என்று பாசுடன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் எண்ணினார். கொடுத்தார். நோய் தணிவதற்கு மாறாக வேகம் கொண்டது போல் தோன்றியது. மற்றவராயின் அத்தோடு விட்டிருப்பர். ஃபார்பரோ தலைகீழாகச் சிந்தித்தார்: வைட்டமின் நோயை வளர்க்குமாயின், வைட்டமினைப் போலவே நடித்து அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் போலிப் பொருள் நோயைத் தடுக்க வேண்டுமல்லவா? அந்தப் போலிப் பொருளைச் செய்து கொடுத்தது சுப்பாராவின் குழு. அமினோப்டெரின் என்று அதற்குப் பெயர். 1948 சூன் திங்களில் முடிவு வெளிவந்தது. 16 குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. 10 குழந்தைகளிடம் நோய் தணிந்தது. தற்காலிகமாகத்தான்! சில திங்கள்களில் நோய் மீண்டது. ஆனால், படுக்கையை விட்டு எழாத குழந்தை எழுந்து விளையாடியது என்பதை உலகம் அதற்கு முன் கண்டதில்லை. அன்று தொடங்கிய வழியில் ஒன்றன்மேல் ஒன்றாக மருந்துகளைச் சேர்த்துச் சேர்த்து, இன்று வளமான நாடுகளில் குழந்தைகளின் இரத்தப் புற்றில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர். சுப்பாராவ் அந்தச் சூனுக்குப் பின் இரண்டு திங்களே வாழ்ந்தார். 1948 ஆகசுடில், 53 வயதில் மறைந்தார்.

சென்னை மருத்துவக் கல்லூரி என்றதும் மற்றொருவர் நினைவு வருகிறது. அவருக்கு முன்னரே அங்குப் பயின்று 1912இல் தேறியவர் முத்துலட்சுமி. பிறந்த குலத்தைக் காட்டியும் பெண் என்பதைக் காட்டியும் புதுக்கோட்டைக் கல்லூரியில் சேர்ப்பதற்கே எதிர்ப்புக் கிளம்பியது. அவர் தங்கை 1923இல் புற்றுநோயால் மாண்டார். அந்தத் துயரம் 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவ நிலையமாக எழுந்தது. ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த பெண் கட்டிய அந்த நிலையத்தில், எந்தக் குலத்தவரும் மருந்துக்கு நின்றனர். தீட்டு என்று திரும்பிப் போனவர் எவருமிலர்!

அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட்டு என்னும் மருந்தின் கதைக்குத் திரும்புவோம். இரத்தப் புற்றுக்கு உதவிய மருந்து கட்டியாகத் திரளும் புற்றுக்கு உதவுமா? 1951இல், மார்பகப் புற்று முதலியவற்றில் அது பயன் தருவதைக் காட்டியவர்கள் நியூயார்க்கின் ஆர்லெம் மருத்துவமனையில் பணியாற்றிய கறுப்பின மருத்துவர்கள். அவர்களுள் முதன்மையானவர் ஜேன் ரைட் என்னும் பெண்மணி. அவருடைய பாட்டனார் அடிமையாகப் பிறந்தவர். தந்தை லூயி ரைட் ஆர்வர்டில் பயின்ற மருத்துவர். 1919இல் அவரை ஆர்லெம் மருத்துவமனையில் அமர்த்தியபோது, கறுப்பரோடு ஒரு கூரையின்கீழ் வேலை செய்யோம் என்று வெள்ளை மருத்துவர் சிலர் பதவியைத் துறந்து போயினர். போகட்டும்! அவர் அங்கே ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1952இல் அவர் மறைந்ததும் மகள் அதன் தலைமையை ஏற்றார். நோயாளியின் கட்டியிலிருந்தே சிறு துணுக்கை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது மசிகிறது என்று பார்த்து, அதையே அந்த நோயாளிக்குக் கொடுக்கலாம் என்பது அவர் வகுத்த முறை. ஒருவருக்கு ஏற்றது மற்றவருக்கு ஏற்காது என்பதை அன்றே உணர்ந்தவர்.

அதே 1951ஆம் ஆண்டில், பால்டிமோர் நகரின் சான்சு ஆப்கின்சு மருத்துவமனையில், கறுப்பினத்தவர்க்கென ஒதுக்கப்பட்ட கூடத்தில் என்றியட்டா லாக்சு என்ற ஏழைத் தாய் கருப்பைக் கழுத்துப் புற்றால் மாண்டாள். வயது 31, குழந்தைகள் ஐந்து. அவள் கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்கள் குடுவையில் அழியாமல் வளர்ந்தன. உலக ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் அனுப்பப்பட்டன. இளம்பிள்ளை வாத மருந்துக்கு உதவின; எண்ணற்ற ஆய்வுகளுக்கு உதவின. அவளிடம் ஒரு சொல் கேட்டவரில்லை. அவள் குடும்பத்தார்க்கு இருபது ஆண்டுக்கு மேல் செய்தியே தெரியாது. ஆய்வுக்கூடத்துக் குடுவைக்குள் இருந்த அணுவுக்குக் கிடைத்த மதிப்பு, அந்த அணுவைப் பெற்ற உடலுக்குக் கிடைக்கவில்லை. அறிவியலின் புகழ் பாடும் நாம் இதை மறைக்கக் கூடாது.

1964 ஏப்ரலில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் சிகாகோவில் நடந்தபோது எழுவர் தனியே கூடிப் பேசினர். எலியையும் குடுவையையும் பற்றியே அவை நாளெல்லாம் பேசுகிறது. படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு மருந்து கொடுப்பவரின் சிக்கல்களைப் பேச ஓர் அவை வேண்டும் என்று முடிவு செய்து புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கினர். எழுவருள் ஒரே பெண், ஒரே கறுப்பர், ஜேன் ரைட். அவ்வாண்டு சூலை 2ஆம் நாள்தான் அமெரிக்காவில் உணவு விடுதியிலும் தங்கும் விடுதியிலும் நிறம் பார்த்து விரட்டுவதைத் தடை செய்யும் சட்டம் கையெழுத்தாயிற்று. அதாவது, புதிய சங்கத்தை நிறுவிய மருத்துவர், அந்த ஏப்ரல் திங்களில் தம் நாட்டின் தென்பகுதிக்குப் பயணம் செய்திருந்தால், படுக்க ஓர் அறை கொடு என்று சட்டத்தின் பெயரால் கேட்கும் உரிமை அற்றவர்! அன்று எழுவர் தொடங்கிய சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு இப்போது 40,000 பேருக்கு மேல் வருகின்றனர்.

பணத்தின் கை நீண்டதையும் சொல்ல வேண்டும். புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள உறவை 1950இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியே ஆய்வாளர் வெளியிட்டனர். புகையிலை முதலாளிகள் கலங்கினர். 1954இல் தங்கள் சார்பில் அமைத்த ஆராய்ச்சிக் குழுவுக்கு அறிவியல் தலைவராக அவர்கள் தேடிப் பிடித்தவர் கிளாரன்சு குக் லிட்டில். எலிகளைக் கொண்டு புற்றின் மரபுவழியை ஆராய்ந்து பெரும்பெயர் பெற்றவர். பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர். புற்றுநோய்த் தடுப்புக்கென அமைந்த நாடளாவிய கழகத்தை 1929 முதல் 1945 வரை நடத்தியவர். இன்னும் ஆராய வேண்டும், இன்னும் சான்று வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே அவர் புகைக்கு வாழ்வு கொடுத்தார். சான்று கேட்பதையும் கூலிக்குக் கேட்கலாம் என்பதற்கு அவரே சான்று. இப்போது சங்கத்தின் மேடையில் ஏறுபவர் எந்தக் கம்பெனியிடம் எந்த வகையில் பணம் பெறுகிறார் என்பதை முதலில் வெளிப்படுத்திவிட்டே பேச்சைத் தொடங்க வேண்டும். நல்ல முறை. ஆனால், அதே கூட்டத்துக் கூடத்தில் மருந்துக் கம்பெனிகளின் கடைகள் வரிசையாக ஒளிவீசுகின்றன. ஒரு மருந்தின் முடிவு படிக்கப்பட்ட நாளில் பங்குச் சந்தையில் அக்கம்பெனியின் விலை ஏறுகிறது, இறங்குகிறது. அந்த மருந்துகளின் விலையோ ஏழை நாடுகளின் எட்டாக் கனி. இதற்குச் சங்கம் விடை கண்டுவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம்.

இனி, ஓராண்டில் இச்சங்கம் என்ன செய்கிறது? தலைமை அலுவலகம் பிலடெல்பியாவில். உறுப்பினர் 50,000க்கு மேற்பட்டோர். 100க்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள். 1916இல் ஓர் இதழோடு தொடங்கிய வெளியீட்டுப் பணி, 1941இல் 'கான்சர் ரிசர்ச்' என்ற பெயரில் நிலைபெற்று, இன்று 10 இதழ்களாகக் கிளைத்திருக்கிறது. ஆண்டின் முடிவில் ஆய்வுச் சுருக்கங்கள் வந்து குவியும். ஒவ்வொன்றையும் அத்துறையார் படித்துத் தெரிவர். பெரும்பாலும் ஏப்ரலில், ஆண்டுக்கொரு நகரில், ஐந்தாறு நாள் பெருங்கூட்டம். வருவோர் 20,000க்கு மேல். 2020இல் கொரோனாப் பெருந்தொற்று உலகை முடக்கியபோது கூட்டத்தைக் கைவிடாமல் இணையத்தின் வழியே, கட்டணமின்றி, இரு பகுதிகளாக நடத்தினர்.

பெரியவர்களின் சொற்பொழிவை விட அங்கு நம் உள்ளத்தைக் கவர்வது தட்டிகள் நிற்கும் கூடம்தான். நூற்றுக்கணக்கான தட்டிகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆய்வு படமும் கணக்குமாக ஒட்டப்பட்டிருக்கும். செய்தவர் அதன் அருகிலேயே அரை நாள் நிற்க வேண்டும். நேற்று ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த மாணவியாக இருக்கலாம். எதிரே வந்து நின்று, "இந்தப் புள்ளி ஏன் இங்கே விழுந்தது?" என்று கேட்பவர் நோபல் பரிசு பெற்றவராக இருக்கலாம். கைகட்டி வாய்பொத்தி நிற்கும் வழக்கம் அங்கில்லை. தெரிந்தால் விடை சொல்லலாம். தெரியாவிட்டால் "இன்னும் பார்க்கவில்லை" என்று சொல்லலாம். அதற்காக எவரும் வெளியே துரத்துவதில்லை.

கூட்டத்தின் ஒரு பகுதி உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கென்றே ஒதுக்கப்படுகிறது. அவர்களுக்குப் புரியும்படி விளக்குவர். தட்டிகளிடையே அழைத்துச் செல்வர். பள்ளியில் பாடம் சொல்லும் நாம் இதைப் படித்தபோது பொறாமையே கொண்டோம். நம் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் என்பது பாடநூலின் ஒரு பத்தி. தேர்வில் இரண்டு மதிப்பெண் வினா. அந்த நோயை ஆராயும் மனிதர் ஒருவரைக் கண்ணால் கண்ட மாணவன் நம் வகுப்புகளில் எத்தனை பேர்?

கோடையில் இளைஞர்க்குப் பயிலரங்குகள். செப்டம்பரில், 2011 முதல் வழுவாமல், புற்றுநோய் ஆராய்ச்சி அடைந்த முன்னேற்றத்தைப் பொதுமக்களும் படிக்கத்தக்க அறிக்கையாக வெளியிடுகின்றனர். டிசம்பரில் சான் அன்டோனியோ நகரில் மார்பகப் புற்றுக்கென்றே தனி மாநாடு. 2013இல் அமெரிக்க அரசு ஆராய்ச்சிப் பணத்தை வெட்டியபோது, வாசிங்டனில் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்திருந்த ஆய்வாளர்கள் ஏப்ரல் 8ஆம் நாள் வெளியே வந்து திறந்த வெளியில் பேரணிக் கூட்டம் நடத்தினர். வெள்ளை அங்கி அணிந்த பேராசிரியர்கள் பதாகை பிடித்து முழங்கிய காட்சி நம் நாட்டார்க்குப் புதுமையாகத் தோன்றலாம். நுண்ணோக்கிக்குக் குனிந்த தலை தெருவிலும் நிமிரத்தான் வேண்டும்.

2007 முதல் மற்றொரு மாநாடும் ஆண்டுதோறும் நடக்கிறது. ஒரே நோய், ஒரே மருந்து. ஆயினும் ஒரு நிறத்தவர் பிழைக்க, மற்றொரு நிறத்தவர் சாவது ஏன்? வறியவர் முற்றிய நிலையில் வந்து சேர்வது ஏன்? மருந்துச் சோதனைகளில் ஏழையின் பெயர் இடம்பெறாதது ஏன்? இவற்றை ஆராய்வதே அதன் பணி. அமெரிக்காவில் மார்பகப் புற்று கண்ட வெள்ளையரினும் கறுப்பினப் பெண்கள் மிகுதியாக மாள்கின்றனர் என்ற கணக்கை, ஒரு காலத்தில் பிறப்பின் குறை என்று எளிதாகத் தள்ளிவிட்டவர் உண்டு. இந்த மாநாட்டில் அந்த விடை செல்லாது. வீடு எங்கே, கூலி எவ்வளவு, மருத்துவமனை எத்தனை கல் தொலைவு, முதல் சோதனை எந்தத் திங்களில் நடந்தது என்று அடுக்கடுக்காகக் கேட்கின்றனர். உடற்கூற்றில் வேறுபாடு உண்டா என்பதையும் உடன்வைத்தே கேட்கின்றனர்.

பதினொரு வெள்ளை ஆடவர் தொடங்கிய இச்சங்கம், 2006இல் ஆண்டுச் சொற்பொழிவு ஒன்றை ஏற்படுத்தி, அதற்கு ஜேன் ரைட்டின் பெயரைச் சூட்டியது. அப்போது அவர் உயிரோடிருந்தார். 2013 பிப்ரவரியில், தம் 93ஆம் வயதில் மறைந்தார்.